நாரில் முடிந்ததைச் சிற்பம் என்பது சரியா?

3 செப்டம்பர் 2023, இரவு 9.40 — கேள்வி (ஒரு வாசகர்)

மகள் கல்லூரி வேலைக்காக ஒரு படம் காட்டினாள். மிருணாளினி முகர்ஜி என்பவர் செய்தது. சாயம் போட்ட கயிறு, முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளை விடப் பெரிய உருவம். போன வருடம் வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் வைத்திருந்தார்களாம். என் மனைவி இருக்கிற மகளிர் குழுவில் பூந்தொட்டிக்கு உறி பின்னுகிறார்கள். அதே முடிச்சுதான், நான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிற்பம் என்றால் கல், மரம், உலோகம், சுடுமண். நாரில் முடிந்தது கைவினை. அதைச் சிற்பம் என்று சொல்வது சும்மா மரியாதைக்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 செப்டம்பர், காலை 6.15 — பதில்

ஒரே முடிச்சு என்பது சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியில்லை. அம்மியும் சாமி சிலையும் ஒரே உளியில் வந்தவைதான்.

2015 பிப்ரவரியில் டெல்லியில் இருந்தேன். ஓக்லாவில் ஓர் அச்சகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போனால் அங்கே இவருடைய மொத்த வாழ்நாள் வேலையும் வைத்திருந்தார்கள். ஜனவரி கடைசியில் திறந்த கண்காட்சி. திறந்து ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 2ஆம் தேதி, அவர் காலமாகிவிட்டார். எனக்கு அது தெரியாது. வாசலில் இருந்த காவலர்தான் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனதால் நான் பார்த்த விதமே மாறியிருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே நின்றவை படத்தில் தெரிகிற மாதிரி இல்லை. படத்தில் கம்பளி போலத் தெரியும். நேரில் கிட்டப் போனால் கயிறின் முரடு, சிலும்பு, சாயம் ஏறிய இடம், ஏறாத இடம் எல்லாம் தெரிகிறது. மடிப்பு மடிப்பாக, உதடு பிதுங்கின மாதிரி, இதழ் விரிந்த மாதிரி. நேராகப் பார்த்தால் உட்கார்ந்திருக்கும் தெய்வம். பக்கத்தில் போனால் வாழைப்பூ. இன்னும் கிட்டப் போனால் உடம்பின் மறைவான பாகம். மூன்றும் ஒன்றில்.

உறி எடையைத் தாங்கத் தொங்குகிறது. இது நிற்கிறது. உள்ளே எதுவும் இல்லாமல், முடிச்சின் இறுக்கத்தாலேயே நிற்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இது சிற்பம்.

4 செப்டம்பர், மதியம் 1.30

யார் இவர் என்று இரண்டு பேர் கேட்டதால்.

1949இல் பம்பாயில் பிறந்தவர். அப்பா சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜி, சுவரோவியத்தில் பெரிய பெயர். 1950களின் நடுவில் கண் அறுவைக்குப் பிறகு பார்வை முழுதாகப் போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டி, களிமண்ணைத் தொட்டுத் தொட்டு வேலை செய்துகொண்டே இருந்தார். அம்மா லீலா மரச் சிற்பி, டேராடூனில் பள்ளி ஆசிரியை. மகள் வளர்ந்தது டேராடூனில், விடுமுறைக்குச் சாந்திநிகேதன். அறுபதுகளின் நடுவில் பரோடா நுண்கலைக் கல்லூரிக்குப் போனார். முதலில் ஓவியம், பிறகு சுவரோவியம். ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன்.

சுப்ரமணியன் நமக்கு அவ்வளவு தூரத்து ஆள் இல்லை. மலபாரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய், பிறகு சாந்திநிகேதன் சேர்ந்து பினோத் பிஹாரியிடமே படித்தார். அப்பாவின் மாணவர் மகளுக்கு ஆசிரியர். நடுவில் 1959 முதல் 61 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பிலும் இருந்தார். நெசவாளி, குயவர், பொம்மை செய்கிறவர் எல்லோரும் ஓவியருக்குச் சமமாகத் தெரிந்தவர். கைவினை கீழே, கலை மேலே என்று நம் கேள்வியாளர் போட்ட கோட்டை அந்த வகுப்பறையில் யாரும் போடவில்லை. 'அந்தந்த இடத்தில் கிடைக்கிற பொருளை எடுத்துப் பாருங்கள்' என்கிற போக்கு அங்கே. எழுபதுகளின் தொடக்கத்திலேயே மிருணாளினி கயிறைக் கையில் எடுத்துவிட்டார். 1972இல் டெல்லிக்கு வந்து, கடைசிவரை அங்கேயே.

4 செப்டம்பர், இரவு 10.05

பொருளின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். கேள்வியில் "கயிறு", பின்னால் ஒருவர் "சணல்" என்று எழுதியிருக்கிறார். சணல் என்றதும் நமக்குக் கோணிச் சாக்கு ஞாபகம் வரும். அருங்காட்சியகப் பலகையில் எழுதியிருப்பது 'ஹெம்ப்'. நம் ஊரில் வயலுக்குப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிறோமே சணப்பு, மஞ்சள் பூ பூக்குமே, அதற்கும் ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்றுதான் பெயர். அதிலும் கயிறு திரிப்பார்கள். கோணி நார் வேறு, தேங்காய் நார் வேறு. நான் சும்மா "நார்" என்றே எழுதப்போகிறேன்.

6 செப்டம்பர், காலை 7.20 — திருத்தம்

நான் எழுதியதில் ஒரு பெரிய தப்பு.

அம்மா ஊர் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரம். கதம்பையை (தேங்காய் மட்டையை) உப்பங்கழியில் ஊறப்போட்டு, மாதக்கணக்கில் கிடந்த பிறகு எடுத்து அடித்து, நார் பிரித்து, ராட்டில் கயிறு திரிக்கிற வீடுகள். என் மாமிக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பத்து வயதிலிருந்து கயிறு திரித்தவர். நேற்று அவரிடம் போனில் படத்தைக் காட்டினேன், 1982இல் செய்த 'தேவி'. கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழகா, அசிங்கமா என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

"உள்ள கம்பி கெடக்கும் மக்கா. இல்லாம இது நிக்காது."

இல்லை மாமி, முடிச்சிலேயே நிற்கிறது என்றேன்.

"கயிறு இழுத்தா நிக்கும். தள்ளினா நிக்குமா?"

இரவு உட்கார்ந்து தேடினேன். மாமி சொன்னதுதான் சரி. பெரிய உருவங்களுக்குள்ளே உலோகச் சட்டம் இருக்கிறது. லண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ள 'ஜவுபா' (2000) என்ற வேலைக்கு அவர்கள் குறிப்பிலேயே நாரும் எஃகும் என்று போட்டிருக்கிறது. கயிறு இழுவிசையைத் தாங்கும், அமுக்கத்தைத் தாங்காது என்பது பள்ளிக்கூட இயற்பியல். எட்டு வருடமாக உள்ளே ஒன்றுமில்லை என்றே நான் நம்பியிருக்கிறேன், அப்படி நம்ப ஆசைப்பட்டதால்.

4ஆம் தேதி காலைப் பதிவின் கடைசிப் பத்தியை விட்டுவிடுங்கள். அழிக்காமல் வைத்திருக்கிறேன், இது எதற்குப் பதில் என்று தெரிவதற்காக.

6 செப்டம்பர், மாலை 5.50

"அப்படியானால் உங்கள் வாதம் போச்சு, கம்பிதானே சிற்பம்" என்று எழுதியவருக்கு:

சுடுமண் குதிரை செய்கிற வேளாருக்கும் உள்ளே வைக்கோல் புரி உண்டு. உள்கூடாக வார்க்கிற வெண்கலச் சிலைக்கு, வார்க்கும்போது உள்ளே மண் கரு உண்டு. உடம்புக்கு எலும்பு உண்டு. வாதம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. இரவு எழுதுகிறேன்.

6 செப்டம்பர், இரவு 11.30

யோசித்துப் பார்த்தேன். சட்டம் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. எங்கே மடிப்பு விழ வேண்டும், எங்கே திரை போலத் தொங்க வேண்டும், எங்கே பிதுங்க வேண்டும் என்பதெல்லாம் முடிச்சின் வேலை. அவர் முன்கூட்டி வரைபடம் போடுவதில்லை, சின்ன மாதிரி செய்து பார்ப்பதும் இல்லை. கயிறைக் கட்டி முடிய ஆரம்பித்தால், முடிந்த வரிசை அடுத்த வரிசை எங்கே போக வேண்டும் என்று சொல்லும். ஒரு பெரிய உருவத்துக்கு மாதக்கணக்கில், சிலதுக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

கல்லில் தப்பாக ஒரு கொத்து விழுந்தால் போனதுதான். களிமண்ணில் திரும்ப ஒட்டலாம். நாரில் அவிழ்க்கலாம், ஆனால் அந்த முடிச்சுக்குப் பிறகு போட்ட அத்தனையையும் அவிழ்த்தால்தான் அங்கே போக முடியும். அதாவது ஒரு வாரத்துக்கு முந்தைய தப்பைத் திருத்த ஒரு வார வேலையைக் கலைக்க வேண்டும். பெரும்பாலும் மனசு வராது. அந்தத் தப்பை வைத்துக்கொண்டு மேலே போக வழி தேடுவோம். அவர் உருவங்களில் இருக்கும் கோணல், ஒரு பக்கம் கனத்து ஒரு பக்கம் மெலிந்த சாய்வு இதெல்லாம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், எதிலும் படித்ததில்லை.

10 செப்டம்பர், மாலை 4.00

முடிந்து பார்த்தேன்.

தேங்காய் நார்க் கயிறு கைக்கு ஆகாது, தோல் உரிந்துவிடும் என்று மாமி சொன்னதால் சந்தையில் சணல் கயிறு வாங்கினேன், பென்சில் தடிமன். உறி முடிச்சுத்தான்: நடுவில் இரண்டு கயிறு சும்மா நிற்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கயிறு அவற்றைச் சுற்றி இடம், வலம் என்று மாறி மாறி வரும். மாற்றாமல் இடப்பக்கமே போட்டால் முறுக்கிக்கொண்டு திருகு போலப் போகும். இது உறி பின்னுகிற எல்லோருக்கும் தெரியும்.

எனக்குத் தெரியாமல் இருந்தது கணக்கு. இரண்டு முழம் நீளத்துக்கு முடிய எட்டு முழத்துக்கு மேல் கயிறு போய்விட்டது. அப்படியென்றால் டெல்லியில் நான் பார்த்த ஒவ்வோர் உருவத்துக்குள்ளும் அதைப்போல நாலு மடங்கு நீளக் கயிறு அடங்கிக் கிடக்கிறது. ஒரே ஓர் உருவத்தை அவிழ்த்து நீட்டினால் தெருவைத் தாண்டிப் போகும். எடையும் அப்படித்தான். கை வலி தோளில் வரும் என்று நினைத்தேன், வந்தது கட்டைவிரல் அடியில். மூன்று மணி நேரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று. வரிசையில் முடிச்சைக் கூட்டினால் துணி விரிந்து அலை அலையாக மடிகிறது. குறைத்தால் குவிகிறது. ஊசியில் கம்பளி பின்னுகிறவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். எனக்கு அது கையில் நடந்தபோதுதான், அந்த இதழ்களெல்லாம் வெட்டித் தைத்தவை இல்லை, எண்ணிக்கையில் வந்தவை என்று விளங்கியது.

11 செப்டம்பர், காலை 8.10

ஒருவர் "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்று எழுதியிருக்கிறார், நாருக்கு அவ்வளவுதான் மதிப்பு என்ற பொருளில். இந்தப் பெண்மணி தொண்ணூறுகளில் செய்த ஒரு வரிசைக்குப் பெயரே பூ: 'புஷ்ப்', 'ஆதி புஷ்ப்'. நாரையே பூவாக்கியிருக்கிறார். மல்லிகைப் பூ அளவில் இல்லை, ஆள் உள்ளே நுழைகிற அளவில்.

15 செப்டம்பர், இரவு 9.00

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

அவருடைய வேலைகளுக்குப் பெயர்கள்: 'நாக தேவதா', 'ருத்ரா', 'தேவி', 'யக்ஷி', 'வனஸ்ரீ', 'ஆரண்யானி'. டெல்லியில் இவற்றைப் பார்த்த வடக்கத்தி நண்பர் "கோயில் சிலை மாதிரி" என்றார். எனக்குக் கோயில் சிலை ஞாபகம் வரவில்லை, எங்கள் ஊர் இசக்கி ஞாபகம் வந்தது. யக்ஷிதான் இயக்கி, இயக்கிதான் இசக்கி. நாகர்கோவில் பக்கம் இசக்கியம்மனுக்குக் கல் சிலை இல்லாத இடமும் உண்டு. வெறும் மண் பீடம், சுண்ணாம்பு அடித்தது. கொடை (கோயில் திருவிழா) சமயத்தில் அதற்குச் சிவப்புப் பட்டு சுற்றி, பூ சாத்தி, முகம் வைத்து, மடிப்பு மடிப்பாக அலங்காரம் ஏற ஏற, பீடம் ஒரு பெண்ணாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். சின்ன வயதில் எனக்குப் பயம் அந்த மடிப்புகளைப் பார்த்துத்தான், முகத்தைப் பார்த்து இல்லை. உள்ளே யாரோ இருப்பதாகவே தோன்றும்.

1984இல் செய்த அவருடைய 'யக்ஷி' முன்னால் நின்றபோது அதே இடத்தில், தொண்டைக்குக் கீழே, அதே பயம். அவர் எங்கள் ஊர் இசக்கியைப் பார்த்து அதைச் செய்தார் என்று சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட தெய்வத்தின் உருவத்தை அவர் செய்யவும் இல்லை. கை, ஆயுதம், வாகனம் என்று அடையாளம் எதுவும் இருக்காது. ஆனால் துணியும் மடிப்பும் சாயமும் சேர்ந்து ஓர் இருப்பு உண்டாகும் என்பது நம் ஊர்ப் பூசாரிக்குத் தெரிந்த விஷயம், அது அவருக்கும் தெரிந்திருந்தது.

நம் கேள்வியாளர் கல், மரம், உலோகம், சுடுமண் என்று நாலு சொன்னாரே, அந்தப் பட்டியல் பெரிய கோயிலின் பட்டியல். சின்னக் கோயிலுக்கு அது பொருந்தாது.

18 செப்டம்பர், மதியம் 12.45

"நாரில் சிற்பம், கூடவே அச்சுக்கலை என்று இரண்டும் செய்தவர் யாராவது உண்டா?" என்று கேள்வியாளரின் மகளே வந்து கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. உண்டு, ஸரீனா. முழுப் பெயர் ஸரீனா ஹஷ்மி, ஆனால் தன்னை ஸரீனா என்று மட்டும்தான் போட்டுக்கொண்டார்.

1937இல் அலிகாரில் பிறந்தவர். அப்பா பல்கலைக்கழகத்தில் வரலாறு. இவர் கணிதத்தில் பட்டம். அரசுத் தூதரகப் பணியில் இருந்தவரை மணந்து ஊர் ஊராகப் போனார். அந்த ஊர்களே பள்ளிக்கூடம். பாரிஸில் ஹேட்டரின் 'அட்லியே 17' பட்டறையில் செதுக்கச்சு, அதாவது உலோகத் தகட்டில் கீறி எடுக்கிற அச்சு. ஜப்பானில் மரக்கட்டை அச்சு. எழுபதுகளின் நடுவில் நியூயார்க் போய் அங்கேயே வெகுகாலம். 2020 ஏப்ரலில் லண்டனில் காலமானார். 2011இல் வெனிஸில் இந்தியா முதன்முதலாக அதிகாரபூர்வமாகக் கூடம் போட்டபோது அழைக்கப்பட்டவர்களில் ஒருவர். அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய மொத்த வேலைக்கும் கண்காட்சி, அது பிறகு நியூயார்க் குக்கன்ஹைமுக்குப் போனது.

இதில் நார் எங்கே என்றால், காகிதமே நார்தான். அச்சகத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்கு இது தினசரி. தாளைக் கிழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறு பக்கம் கோணும். அது நார் ஓடுகிற திசை. அதைப் பார்க்காமல் மடித்தால் புத்தக முதுகு வெடிக்கும். ஸரீனா 1980 வாக்கில் காகிதக் கூழில் நிறப்பொடியைக் கலந்து வார்ப்பு அச்சில் ஊற்றிச் சிற்பம் செய்தார். சுவர், மூலை, குளம் போன்ற வடிவங்கள். கல் மாதிரி, துருப்பிடித்த இரும்பு மாதிரி தெரியும். கையில் எடுத்தால் காகித எடை. அதற்கு முன்னால், 1977இல், வெறும் தாளை ஊசியால் குத்திக் குத்தி ஒரு வரிசை செய்திருக்கிறார். மை கிடையாது. குத்தின இடத்தில் நார் பின்பக்கம் எழும்புகிறதே, அதன் நிழல்தான் படம்.

18 செப்டம்பர், இரவு 8.30 — திருத்தம்

மரக்கட்டை அச்சை அவர் ஜப்பானில் கற்றதாக எழுதிவிட்டேன். 1974இல் டோக்கியோவில் யோஷிதா பட்டறையில் இருந்தது உண்மை. ஆனால் மரம் செதுக்க ஆரம்பித்தது அதற்கும் முன்னால், ஐம்பதுகளின் கடைசியில் பாங்காக்கில் இருந்தபோதே. பாரிஸுக்குப் போகும்போதே அவருக்கு மரம் தெரியும். குறிப்பெடுக்கிற மகள் கவனிக்கவும்.

23 செப்டம்பர், காலை 10.15

ஸரீனாவின் ஒரே ஓர் அச்சைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 'பிரிக்கும் கோடு', 2001.

தாள் நிறைய வெள்ளை. நடுவில் மேலிருந்து கீழே கோணல் மாணலாக ஒரு கறுப்புக் கோடு. ராட்க்ளிஃப் கோடு, இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்தது. 1947 ஆகஸ்ட் 15 சுதந்திரம், கோடு எங்கே என்று வெளியிட்டது 17ஆம் தேதி. இரண்டு நாள் மக்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே இருந்திருக்கிறார்கள். பிரிவினைக்குப் பல வருடம் கழித்து ஸரீனாவின் குடும்பமும் அந்தப் பக்கம் போனது.

அச்சு வேலை தெரியாதவர்கள் இதைப் பேனாவால் இழுத்த கோடு என்று நினைப்பார்கள். மரக்கட்டையில் நடப்பது தலைகீழ். செதுக்கின இடம் வெள்ளையாக விழும், செதுக்காமல் விட்ட இடத்தில்தான் மை ஒட்டும். ஒரு கறுப்புக் கோடு வேண்டுமென்றால் கோட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம் முழுவதும், அந்தப் பக்கம் முழுவதும் செதுக்கி எடுக்க வேண்டும். நிலம் அத்தனையும் உளியில் போய், கோடு மட்டும் மேடாக மிஞ்சும். செதுக்கும்போது உளி எடுக்காமல் விட்டுப்போன சின்னச் சின்ன மேடுகூட வெள்ளையில் தூசி மாதிரி மை வாங்கிக் கிடக்கும்.

அப்பாவின் அச்சகத்தில் ட்ரெடில் மிஷின் ஓடிய காலத்தில், திருவிழா நோட்டீசுக்கு மரத்தில் பிளாக் செதுக்குகிற ஒரு தாத்தா வருவார். பிள்ளையார், வேல், சிலுவை, பிறை எல்லாம் செதுக்கித் தருவார். எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். "நீ பாக்குறது பொய், தாள்ல விழறதுதான் நெசம்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஸரீனாவின் கோட்டைப் பார்த்தபோது, அவரும் இந்தியாவைக் கிழக்கு மேற்கு மாற்றிப் பலகையில் வைத்துத்தான் செதுக்கியிருக்க வேண்டும் என்று அந்தத் தாத்தா ஞாபகத்தில் தோன்றியது. தன் வீட்டை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பல நாள் செதுக்குவது எப்படி இருந்திருக்கும்?

1999இல் 36 மரக்கட்டை அச்சுகள் கொண்ட ஒரு தொகுப்பு செய்தார். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல்: வீடு, வாசல்படி, சுவர் என்று. ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து கோடுகளில் ஒரு படம். கணிதம் படித்தவர் கை என்று தெரியும்.

24 செப்டம்பர், காலை 6.40

மிருணாளினி ஒரு முனை, ஸரீனா மறு முனை. ஒருவர் நாரைக் கூட்டிக் கூட்டிப் பெருக்குகிறார். மற்றவர் எடுத்து எடுத்துக் குறைக்கிறார். நேற்று எழுதி முடித்தபோது எனக்கு ஸரீனாதான் பெரியவர் என்று தோன்றியது. காலையில் அப்படித் தோன்றவில்லை.

2 அக்டோபர், இரவு 10.20

ஒருவர் கொஞ்சம் கோபமாகக் கேட்டிருக்கிறார்: "உங்கள் மாமி அறுபது வருடம் கயிறு திரித்தார். அவர் பெயர் எந்தச் சுவரிலாவது இருக்கிறதா?"

இல்லை. மாமிக்குக் கூலி முடிக்கு, அதாவது கயிற்றுக் கட்டுக்குக் கணக்கு. நார் ஈரமாக இருக்கிறது, எடை பொய் என்று சொல்லி ஓர் இடைத்தரகர் பாதியைப் பிடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதம்பை அள்ளியதில் காலில் வந்த சொறி இன்னும் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு நார் அழகு, முடிச்சு அழகு என்று நான் எழுதிக்கொண்டே போவது சரியில்லை என்று எனக்கே உறுத்தியது.

ஆனால் கோபம் மிருணாளினி மீது போவதை ஏற்கமாட்டேன். அவர் காலத்தில் அவரும் வெளியில்தான் நின்றார். வெண்கலம் வார்க்கிறவர் சிற்பி, கயிறு முடிகிறவர் அலங்காரக்காரர் என்று டெல்லியிலேயே பேச்சு. நார் வேலையைத் தொடங்கி இருபது வருடம் கழித்துத்தான், 1994இல், ஆக்ஸ்ஃபோர்டில் நவீன கலைக்கூடம் தனிக் கண்காட்சி வைத்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் வைத்தது 2019இல், அவர் இறந்து நாலு வருடம் கழித்து. வெனிஸ் 2022இல். நம் கேள்வியாளர் கேட்ட அதே கேள்வியை அவர் வேலை செய்த நாற்பது வருடமும் கேட்டார்கள்.

கயிறு கனமாக இருக்கும், இழுத்து முடிய உதவிக்குக் கை வேண்டும், அவருக்கும் உதவிக்கு ஆள் இருந்தது. அந்தக் கைகளின் பெயரையும் பலகையில் போட்டால் எனக்குச் சந்தோஷம். ஸ்தபதி பட்டறையிலும் அதே குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

9 அக்டோபர், மதியம் 2.00

"பிறகு ஏன் நாரை விட்டார்?"

தொண்ணூறுகளின் நடுவில் நெதர்லாந்தில் ஒரு மட்பாண்டப் பட்டறையில் தங்கி வேலை செய்யப் போனார். அங்கே மண் பிடித்துப்போனது. 2000க்குப் பிறகு வெண்கலம். மெழுகைக் கையால் தட்டி, நசுக்கி, இதழாக்கி, மெழுகு வார்ப்பில் எடுப்பது. சுவாமிமலை ஸ்தபதிகள் வழியின் அடிப்படையும் அதுதான், ஆனால் இவர் அளவு நூலும் தாள இலக்கணமும் (சிலையின் அளவு விகிதக் கணக்கு) வைத்துக்கொள்ளவில்லை. கடைசி வருடங்களில் பனையோலை மட்டை உடைந்து விரிந்த மாதிரி ஒரு வெண்கல வரிசை. சுற்றி வந்து பார்த்தால் நாரில் செய்த அதே மடிப்பு, அதே பிதுக்கம், உலோகத்தில்.

சுலபமான பொருளுக்குப் போய்விட்டார் என்று நான் 2015இல் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய கட்டைவிரலுக்கு நார் என்னவாக இருக்கும் என்று மூன்று மணி நேரத்தில் தெரிந்துகொண்டவன் நான்.

11 அக்டோபர், காலை 7.05

கேள்வியாளர் திரும்ப வந்து, "கைவினையும் இல்லை சிற்பமும் இல்லை, மூன்றாவதாக ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா?" என்கிறார். வேண்டாம். மூன்றாவது அறை கட்டினால் அதிலும் பெண்களைத்தான் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். சிற்பம் என்றே சொல்லுங்கள். உங்கள் மனைவி பின்னுகிற உறியைப் பற்றி அடுத்த முறை தனியாகப் பேசலாம், அதன் படத்தையும் போடுங்கள்.

5 நவம்பர், மாலை 6.30

நான் முடிந்தது இப்போது ஒரு முழ அகலம், இரண்டரை முழ நீளம். ஊருக்குப் போனபோது மாமியிடம் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஏழாவது வரிசையில் ஒரு முடிச்சு தளர்ந்திருப்பதை விரலாலேயே கண்டுபிடித்தார். அவிழ்க்கவா என்று கேட்டேன்.

"அதுக்கு மேல இத்தன வரி போட்டுட்டியே. கெடக்கட்டும். அடுத்ததுல இழுத்துப் பிடி."

இறவானத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். தொங்கவிட்ட அன்று கதவு நிலையில் பென்சிலால் அடையாளம் வைத்தேன். மூன்று வாரத்தில் தன் எடையிலேயே இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் உள்ளே கம்பி வளைத்துக் கொடுக்க வெல்டிங் பட்டறைக்குப் போகிறேன்.